அயாக்ஸ்: வளர்ப்பதும் விற்பதும்

ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் கிழக்கே ஒரு குடியிருப்பு இருக்கிறது. அங்கே ஒரு தெருவின் பெயர் வெம்பிளி, இன்னொரு தெருவின் பெயர் ஆன்ஃபீல்ட். இங்கிலாந்தின் கால்பந்து அரங்குகளுக்கு நெதர்லாந்தின் தெருவில் என்ன வேலை என்று புதிதாக வருபவர் திகைக்கலாம். அந்த வீடுகள் நிற்கும் இடத்தில் 1934 முதல் 1996 வரை டி மேர் என்ற மைதானம் இருந்தது. அயாக்ஸ் கிளப்பின் சொந்த வீடு அது. அதை இடித்து வீடுகள் எழுப்பியபோது, அயாக்ஸ் போய் ஆடிய வெளியூர் அரங்குகளின் பெயர்களைத் தெருக்களுக்கு வைத்தார்கள்.

டி மேருக்குப் பக்கத்திலேயே, நடந்து போகிற தூரத்தில், யோஹான் கிரைஃப் பிறந்து வளர்ந்த பெட்டோன்டார்ப் பகுதி இருக்கிறது. அப்பா காய்கறி மளிகைக் கடை வைத்திருந்தார். பையனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அவர் இறந்துவிட, அம்மா அயாக்ஸ் கிளப்பிலேயே துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். அதற்கு முன்பே, பத்து வயதில், பையன் அந்தக் கிளப்பின் சிறுவர் அணியில் சேர்ந்திருந்தான். 1964 நவம்பரில், பதினேழு வயதில், முதல் அணிக்கு ஆடினார். 1973-ல், இருபத்தாறு வயதில், பார்சிலோனாவுக்குப் போனார். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் அயாக்ஸ் உள்ளூர்ப் பெயராக இருந்த நிலை மாறி, 1971, 1972, 1973 என்று அடுத்தடுத்து மூன்று முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றது.

அவரை விற்ற தொகை சுமார் 60 லட்சம் கில்டர். அதுவரை உலகில் எந்தக் கால்பந்து வீரருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் யூரோவுக்கு மாற்றினால் அது சுமார் 27 லட்சம். 2019-ல் அதே அயாக்ஸ் பிரெங்கி டி யோங்கை அதே பார்சிலோனாவுக்கு விற்றது 7.5 கோடி யூரோவுக்கு. இரண்டு தொகைக்கும் நடுவே இருக்கும் தூரத்தைத்தான் பலரும் பேசுவார்கள். எனக்கு அதைவிட வேறொரு தூரம் கண்ணில் படுகிறது. கிரைஃப் மூன்று கோப்பைகளை வென்று கொடுத்த பிறகு போனார். டி யோங்கின் விற்பனை, அவருடைய அணி ஐரோப்பாவை வியக்க வைப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது.

விற்பது புதிய பழக்கம் இல்லை. அதை ஒப்புக்கொண்டுதான் இந்த ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும். 1971-ல் முதல் கோப்பையை வென்ற கையோடு பயிற்சியாளர் ரீனுஸ் மிஹல்ஸ் பார்சிலோனாவுக்குப் போய்விட்டார். ஸ்பெயின் தன் லீகில் வெளிநாட்டு வீரர்களுக்கு இருந்த தடையை 1973-ல் நீக்கியதும் கிரைஃபும் அவர் பின்னே போனார். அந்தக் கோடையில் அயாக்ஸ் வீரர்கள் தமக்குள் வாக்கெடுத்து, கிரைஃபை விட்டுவிட்டு பீட் கைசரை அணித்தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் ஒரு காரணம். மனக்கசப்பு, பணம், பழைய குருவின் அழைப்பு மூன்றும் சேர்ந்து ஓர் உறவை முறித்தன. அடுத்த ஆண்டு அதே அணியின் நீஸ்கென்ஸும் பார்சிலோனாவுக்குப் போனார்.

ஆனால் 1973 மே மாதம் பெல்கிரேடில் யுவென்டஸை வென்ற அணியின் மற்றவர்களைப் பாருங்கள். ஆரி ஹானும் ஜானி ரெப்பும் 1975 வரை இருந்தார்கள். சூர்பியர் 1977 வரை. ரூட் க்ரோல் 1980 வரை. அணி கலைந்தது, ஆனால் ஒரு கூட்டுக்குடும்பம் கலைவதுபோல, ஒவ்வொரு அறையாகக் காலியாகிக் கலைந்தது. போன கிரைஃபே 1981 டிசம்பரில், முப்பத்து நான்கு வயதில், டி மேருக்குத் திரும்பி வந்தார். ஹார்லெம் அணிக்கு எதிரான அந்த முதல் ஆட்டத்தில், கோலை விட்டு முன்னே நின்ற கோல்கீப்பரின் தலைக்கு மேலாகப் பந்தை மெல்லத் தூக்கிப் போட்டு கோல் அடித்தார். அந்தப் பழைய ஒளிப்பதிவை இன்றும் பார்க்கலாம். பந்து காற்றில் இருக்கும் அந்த ஒரு நொடியில் மைதானம் முழுதும் மூச்சை அடக்கியிருப்பது தெரியும்.

அந்தக் காலத்தை அப்படியே போற்றிவிடவும் முடியாது. அன்று ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவர் கிளப்பின் சொத்தாகவே இருந்தார். புதிய கிளப் பணம் கட்டினால்தான் பழைய கிளப் அவரை விடும். பெல்ஜியத்தில் ஜான்-மார்க் போஸ்மன் என்ற நடுக்கள ஆட்டக்காரருக்கு இதுதான் நேர்ந்தது. 1990-ல் லியேஜ் கிளப்புடன் அவர் ஒப்பந்தம் முடிந்தது. பழைய சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கு தருகிறோம், இரு என்றார்கள். பிரான்சின் டன்கெர்க் கிளப்புக்குப் போகிறேன் என்றால், அவர்கள் இவ்வளவு கட்ட வேண்டும் என்றார்கள். ஆடவும் முடியாமல், போகவும் முடியாமல் அவர் நீதிமன்றம் போனார். லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15-ல் தீர்ப்புச் சொன்னது: ஒப்பந்தம் முடிந்த ஐரோப்பிய ஒன்றிய வீரரை எந்தக் கிளப்பும் பணம் கேட்டுத் தடுக்கக் கூடாது, ஒன்றியத்து நாட்டவரை வெளிநாட்டவராக எண்ணி, அணியில் இத்தனை பேர்தான் என்று வரம்பு கட்டவும் கூடாது. அதற்குள் போஸ்மனின் ஆட்ட வாழ்க்கை ஏறக்குறைய முடிந்திருந்தது. அவர் வாங்கிக் கொடுத்த உரிமையால் வாழ்ந்தவர்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்கள்.

ஒரு தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டிய நியாயம் கிடைத்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நியாயத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால், முதல் வரிசையில் அயாக்ஸ் நிற்கிறது.

தீர்ப்புக்கு ஏழு மாதம் முன்பு, 1995 மே 24-ல், வியன்னாவில் அயாக்ஸ் ஏசி மிலானை ஒரு கோல் வித்தியாசத்தில் வென்று ஐரோப்பிய சாம்பியன் ஆனது. 85-ஆவது நிமிடத்தில் அந்தக் கோலை அடித்த பேட்ரிக் கிளைவெர்ட்டுக்கு அப்போது வயது பதினெட்டு. செடோர்ஃப், டேவிட்ஸ், ரைசிகர், டி போயர் சகோதரர்கள் என்று பாதி அணி கிளப்பின் சொந்த நாற்றங்காலில் முளைத்தது. பயிற்சியாளர் லூயி வான் ஹால் அவர்களை ஒரே உடலின் உறுப்புகள்போல இயக்கினார். அந்தப் பருவத்தில் நெதர்லாந்து லீகிலும் சாம்பியன்ஸ் லீகிலும் அவர்கள் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.

செடோர்ஃப் அந்தக் கோடையிலேயே இத்தாலிக்குப் போனார். 1996-ல் டேவிட்ஸும் ரைசிகரும் மிலானுக்கு. 1997-ல் கிளைவெர்ட்டும் போகார்டேயும் அதே மிலானுக்கு. இந்த நால்வருக்கும் மிலான் மாற்றுக்கட்டணமாக அயாக்ஸுக்கு எதுவும் தரவில்லை. ஒப்பந்தம் முடிந்திருந்தது, சட்டம் அனுமதித்தது. வியன்னாவில் தோற்ற கிளப், தன்னைத் தோற்கடித்தவர்களைக் கட்டணமே இல்லாமல் அழைத்துக்கொண்டது. ஓவர்மார்ஸ் ஆர்சனலுக்கும், கானு இன்டருக்கும், டி போயர் சகோதரர்களும் லிட்மானனும் பார்சிலோனாவுக்கும், வான் டெர் சார் யுவென்டஸுக்கும் போனார்கள். 1999 கோடை முடிவதற்குள் வியன்னாவில் முதல் நிமிடத்தில் களமிறங்கிய பதினொருவரில் ஒருவரும் அயாக்ஸில் இல்லை.

நல்ல வீரரைக் கிளப்புகள் ஏன் விற்கின்றன என்று கேட்கும்போது, பேராசை என்று சொல்லிவிடுவது எளிது. 1996-97-க்குப் பிறகு அயாக்ஸ் கற்றுக்கொண்டது வேறு பாடம். வைத்திருந்தால் ஒன்றுமில்லாமல் போகும், விற்றால் பணமாவது மிஞ்சும். ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு மீதமிருக்கும் வீரருக்கு முழு விலை கிடைக்கும். ஓராண்டு மீதமிருந்தால், வாங்குகிறவர் காத்திருந்தாலே போதும் என்று நினைப்பார், விலை சரியும். ஆறு மாதம் மீதமிருக்கும்போது அந்த வீரர் வேறு நாட்டுக் கிளப்புடன் தானே பேசி முடித்துக்கொள்ளலாம். ஆகவே ஒவ்வொரு கிளப்பின் மேசையிலும் கோப்பைகளின் பட்டியலோடு இன்னொரு பட்டியலும் இருக்கிறது, யாருடைய ஒப்பந்தம் எந்த ஜூன் மாதம் முடிகிறது என்று.

பதினெட்டு வயது நிரம்பாத வீரரோடு மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் போடக் கூடாது என்பது ஃபிஃபாவின் விதி. சிறுவர்களைக் காக்க வந்த நல்ல விதி. அதன்படி, பதினாறு வயதில் முதல் ஒப்பந்தம் போடும் பையனுக்குப் பத்தொன்பதில் அது முடிந்துவிடும். பதினேழு, பதினெட்டிலேயே புதுப்பிக்கும் பேச்சு தொடங்க வேண்டும். ஏஜென்ட் வருவார், குடும்பம் வரும், எந்தக் கோடையில் போகலாம் என்ற பேச்சும் சேர்ந்தே வரும். பையன் அப்போதுதான் முதல் அணியில் தன் இடத்தைப் பிடித்திருப்பான்.

கணக்குப் புத்தகமும் விற்கவே தூண்டுகிறது. விலைக்கு வாங்கிய வீரரின் தொகையை ஒப்பந்த ஆண்டுகளில் பங்கிட்டுச் செலவாக எழுதுவார்கள். சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவருக்கு அப்படி எழுத எதுவும் இல்லை. புத்தகத்தில் அவர் மதிப்பு ஏறக்குறைய பூச்சியம். விற்கும் நாளில் வரும் தொகை அநேகமாக முழுதும் லாபம். பத்து ஆண்டு பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளைதான் கணக்கின் கண்ணில் விற்பதற்கு மிகவும் உகந்தவன். 1998-ல் ஆம்ஸ்டர்டாம் பங்குச்சந்தையில் இடம்பெற்ற கிளப்புக்கு இந்தக் கணக்கு அலட்சியப்படுத்தக் கூடியதும் அல்ல.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தொலைக்காட்சி. டி மேரின் கடைசிக் காலத்தில் அங்கே சுமார் 19,000 பேர் ஆட்டம் பார்க்க முடிந்தது. 1996-ல் திறந்த புதிய அரங்கில், இப்போது கிரைஃபின் பெயரைத் தாங்கி நிற்கும் அரங்கில், சுமார் 55,000 பேர் பார்க்கலாம். வாசலில் டிக்கெட் விற்ற காலமாக இருந்தால் அது பெரிய பாய்ச்சல். ஆனால் பணம் வாசல் வழியாக வருவது குறைந்து, வீட்டு வரவேற்பறை வழியாக வரத் தொடங்கியிருந்தது. இங்கிலாந்தின் பிரீமியர் லீகுக்கு 1992-ல் ஸ்கை நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுத்தது 19.1 கோடி பவுண்டு. 2025-ல் தொடங்கிய நான்கு ஆண்டு உள்நாட்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 670 கோடி பவுண்டு. நெதர்லாந்தில் 2012-ல் ஃபாக்ஸ் நிறுவனம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒப்புக்கொண்ட தொகை 100 கோடி யூரோவுக்குச் சற்று மேல். அது பதினெட்டுக் கிளப்புகளுக்கும் சேர்த்து. இந்தப் புதிய இங்கிலாந்துத் தொகையை இருபது கிளப்புக்கும் சமமாகப் பிரித்துப் பார்த்தால், ஒரே ஒரு கிளப்பின் ஓராண்டுப் பங்கு, நெதர்லாந்து லீக் முழுவதும் அந்தப் பழைய ஒப்பந்தத்தில் ஓராண்டில் பெற்றதற்கு ஏறக்குறைய ஈடாக வருகிறது. அயாக்ஸின் திறமையோ நிர்வாகமோ இதை மாற்ற முடியாது. சுமார் 1.8 கோடிப் பேர் வாழும் நாட்டின் சந்தை வேறு, உலகம் முழுதும் பார்க்கும் சந்தை வேறு.

ஜெர்மனியில் இதே கதை ஒரே லீகுக்குள் நடந்தது. 2013-ல் டோர்ட்மண்டின் மரியோ கோட்ஸேயை, அவர் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்த 3.7 கோடி யூரோவைக் கட்டி, பயர்ன் மியூனிக் எடுத்துக்கொண்டது. ரியல் மாட்ரிட்டுடனான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்கு முந்தைய நாள் செய்தி வெளியானது. டோர்ட்மண்ட் அந்த அரையிறுதியைக் கடந்து இறுதிக்குப் போய் பயர்னிடமே தோற்றது. அடுத்த ஆண்டு டோர்ட்மண்டின் லெவன்டோஃப்ஸ்கியும் கட்டணமின்றி பயர்னுக்கே போனார்.

அயாக்ஸை வெறும் பறிகொடுத்தவராகக் காட்டினால் நான் நேர்மையாக எழுதியவன் ஆக மாட்டேன். டி யோங் அயாக்ஸில் பிறந்த செடி இல்லை. 2015-ல் வில்லெம் டூ என்ற சிறிய கிளப்பிலிருந்து பெயருக்கு ஒரு யூரோ கொடுத்து அவரைப் பெற்றார்கள். பின்னால் விற்றால் பத்தில் ஒரு பங்கு தருவதாகப் பேச்சு. சுவாரஸை க்ரோனிங்கனிலிருந்து வாங்கினார்கள். சியெஹை ட்வென்டேயிலிருந்து வாங்கினார்கள். பார்சிலோனாவின் முன்னே அயாக்ஸ் எப்படியோ, அயாக்ஸின் முன்னே அந்தச் சிறிய ஊர்க் கிளப்புகள் அப்படி. மாற்றுக்கட்டணத்தில் ஐந்து சதவீதம் வீரரைச் சிறுவயதில் வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்ற ஃபிஃபா விதியால், ஏணியின் கடைசிப் படியில் இருப்பவருக்கும் கொஞ்சம் வந்து சேர்கிறது. பெருமீன் சிறுமீனை விழுங்கும் இந்தக் குளத்தில் அதுதான் ஒரே அறம்.

பணம் வந்தது என்பதும் உண்மை. சா பாலோவிலிருந்து 2020-ல் சுமார் 1.6 கோடி யூரோவுக்கு வாங்கிய அன்டோனியை இரண்டே ஆண்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 9.5 கோடிக்கு விற்றார்கள். அதே கோடையில் லிசான்ட்ரோ மார்டினெஸும், பயிற்சியாளர் எரிக் டென் ஹாகும் அதே கிளப்புக்குப் போனார்கள். ஹ்ராவன்பெர்கும் மஸ்ராவியும் பயர்னுக்கு, கோல்கீப்பர் ஓனானா இன்டருக்கு. கிளப்பின் கையில் அதன் வரலாற்றில் இல்லாத அளவு பணம் இருந்தது. அடுத்த பருவத்தில் மூன்றாம் இடம். அதற்கடுத்து, 2023 அக்டோபரில், நெதர்லாந்து லீகின் அடிமட்டத்தில் பதினெட்டாம் இடத்தில் அயாக்ஸின் பெயர் இருந்தது. அந்தப் பட்டியலை நான் இரண்டு முறை வாசித்தேன். பணத்தால் இன்னொரு அணியை வாங்கலாம். ஒருவர் திரும்புவதற்கு முன்பே மற்றவர் பந்தை எங்கே அனுப்புவார் என்று தெரிந்துகொள்ளும் பழக்கத்தை வாங்க முடியாது. அது வருடக்கணக்கில் சேர்ந்து ஆடினால் மட்டுமே வருவது. அன்றைய விற்பனை வீரரைக் கொண்டுபோனது. இன்றைய விற்பனை அந்த வருடங்களையும் கொண்டுபோகிறது.

2024-25 பருவத்தில் ஐந்து ஆட்டம் மீதமிருக்கையில் ஒன்பது புள்ளி முன்னால் இருந்தும், ஒரே புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தை பிஎஸ்வியிடம் இழந்தார்கள். அந்தக் கோடையில் பத்தொன்பது வயது யோரெல் ஹாட்டோ செல்சிக்குப் போனார். பிரயான் பிராபி போனது சண்டர்லாண்டுக்கு. மிலான், பார்சிலோனா என்று போன காலத்தில் போகிறவர் தன்னைவிட உயர்ந்த சபைக்குப் போகிறார் என்ற ஆறுதலாவது இருந்தது. சண்டர்லாண்ட் அந்த ஆண்டுதான் இரண்டாம் நிலை லீகிலிருந்து பிரீமியர் லீகுக்கு ஏறி வந்திருந்தது. நான்கு முறை ஐரோப்பாவை வென்ற கிளப்பின் முன்கள வீரரை, நேற்று மேலே வந்த கிளப் வாங்க முடிகிறது.

இவற்றையெல்லாம் எழுதும்போது எனக்குள் திரும்பத் திரும்ப வருவது 2019-ன் ஓர் இரவு.

அந்த ஆண்டு ஜனவரியில் டி யோங்கின் விற்பனை அறிவிக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் அயாக்ஸ் மாட்ரிட்டுக்குப் போய், தொடர்ந்து மூன்று முறை ஐரோப்பிய சாம்பியனான ரியல் மாட்ரிட்டை நான்குக்கு ஒன்று என்று வீழ்த்தியது. பிறகு டூரினில் யுவென்டஸை. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் லண்டனில் டாட்டன்ஹாமை. மே 8, இரண்டாம் ஆட்டம் ஆம்ஸ்டர்டாமில். நமக்கு அது நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை. வீட்டில் எல்லோரும் தூங்க, டிவியின் ஒலியை அடக்கி வைத்து உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாவது நிமிடத்தில் பத்தொன்பது வயது அணித்தலைவன் டி லிக்ட் தலையால் முட்டி ஒரு கோல். இடைவேளைக்கு முன் சியெஹ் இடது காலால் இன்னொன்று. இரண்டு ஆட்டத்தையும் சேர்த்தால் மூன்று கோல் முன்னிலை. இரண்டாம் பாதியில் டாட்டன்ஹாமின் லூகாஸ் மௌரா நான்கு நிமிட இடைவெளியில் இரண்டு கோல் அடித்தார். சியெஹின் ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது உள்ளே போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். கூடுதலாகக் கொடுத்த ஐந்து நிமிடமும் தீர்ந்து, 96-ஆவது நிமிடம் ஓடிக்கொண்டிருக்க, மௌரா மூன்றாவதை அடித்தார். வெள்ளையும் சிவப்பும் அணிந்தவர்கள் வெட்டிய வாழைபோல ஒவ்வொருவராகப் புல்லில் சாய்ந்தார்கள். நான் டிவியை அணைக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அவர்கள் லீக் பட்டத்தை வென்றார்கள். மியூசியம் சதுக்கம் கொள்ளாத கூட்டம் கூடியது. மேடையில் நின்ற டி யோங் போகப்போகிறவர் என்று கூட்டத்துக்குத் தெரியும். டி லிக்டும் போய்விடுவார் என்று ஊகித்திருப்பார்கள். ஜூலையில் அவர் 7.5 கோடி யூரோவுக்கு யுவென்டஸுக்குப் போனார், அதே வசந்தத்தில் தோற்கடித்த யுவென்டஸுக்கு. முதல் அணியில் அவர் ஆடியது மூன்று பருவம்கூட நிறையவில்லை. அதே கோடையில் ஷோனேயும் டோல்பெர்கும் கிளம்பினார்கள். மறு ஆண்டு சியெஹ், வான் டி பேக். 2023 கோடையில் டாடிச் போனதோடு, அந்த இரவு களமிறங்கிய பதினொருவரில் ஒருவரும் அங்கே இல்லை. கணக்குப் பார்த்தால் வியன்னா அணி கலையவும் நான்கு ஆண்டுதான் ஆனது. ஆனால் அவர்கள் கோப்பையை வென்றவர்கள். மறு ஆண்டும் பெரும்பாலும் அதே ஆட்களோடு ரோம் வரை வந்து, இறுதியில் பெனால்டியில் யுவென்டஸிடம் தோற்றவர்கள்.

2019-ல் புல்லில் விழுந்து கிடந்த அந்தப் பதினொருவர் அதன்பின் ஐரோப்பியப் போட்டி எதிலும் ஒன்றாகக் களமிறங்கவில்லை.